ஹைப்போ என்றால் எந்த ஹைப்போ?

"எதை சுவாசிச்சாங்க? பேர் சொல்லுங்க."

டாக்டர் கேட்டது இவ்வளவுதான்.

அவசரப் பிரிவுக் கட்டிலில் என் நாத்தனார் அம்சா முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுக்க வைத்தால் மூச்சு வரவில்லை. மிளகாய் அரைத்த கையால் தேய்த்ததுபோல இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. ஒவ்வோர் இருமலுக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் சேலையிலிருந்து ஒரு வாடை வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நின்றவள் நான். அந்த வாடை என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டருக்குப் பதில் சொன்னவர் முரளி. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் தங்கும் விடுதி நடத்துகிறவர். அம்சா அங்கேதான் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அவளைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்து, எனக்குப் போனும் செய்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் பாதி வகுப்பில் சாக்பீஸை வைத்துவிட்டு பஸ் பிடித்து ஓடிவந்த நான், வழியெல்லாம் மனசுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த நன்றி வாசற்படி தாண்டியதும் போயிற்று.

"ஒண்ணுமில்ல டாக்டர், வெறும் ஹைப்போ. பாத்ரூம் கழுவுறது. நெட்ல போட்டுப் பார்த்துட்டேன், சோடியம் தயோசல்பேட்டாம். ஊசியிலயே மருந்தா ஏத்துறாங்களாம். இந்தம்மாவுக்கு முன்னாடியே ஆஸ்துமா இருக்கும்போல. இன்னைக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு செல்போனை டாக்டர் பக்கம் நீட்டினார். டாக்டர் சின்னப் பெண். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பவள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்துமா என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

"எழுதாதீங்க டாக்டர், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"நீங்க யாரு?"

"இவளோட அண்ணி. கெமிஸ்ட்ரி டீச்சர்." அம்சாவின் பக்கம் திரும்பினேன். "அம்சா, ஹைப்போ மட்டும்தான் ஊத்துனியா? கூட வேற ஏதாவது ஊத்துனியா?"

அவளால் பேச முடியவில்லை. இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு துண்டு துண்டாக வந்தது. "ஆசிட்டு அண்ணி... ஹைப்போ ஊத்தி, அதும்மேல ஆசிட்டு... ரெண்டும் ஊத்தினாதான் கறை போவும்னு சார் சொன்னாரு... பச்சையா பொகை..."

"டாக்டர், அது தயோசல்பேட் இல்ல. சோடியம் ஹைப்போகுளோரைட். என்-ஏ-ஓ-சி-எல். அதும்மேல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விழுந்திருக்குது. இவ சுவாசிச்சது குளோரின் வாயு."

டாக்டரின் பேனா நின்றது. எழுதியதைக் குறுக்கே அடித்தாள். "இத முதல்லயே சொல்ல வேணாமா?" என்று முரளியைப் பார்த்துச் சீறினாள். "ஆஸ்துமான்னா நெபுலைசர் வச்சு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். குளோரின்னா அப்படி விட முடியாது. கொஞ்ச நேரம் நல்லா இருக்கற மாதிரி இருக்கும், அப்புறம் நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அட்மிஷன் போடறேன்."

அப்படியே ஆயிற்று. பிற்பகலில் அம்சா தேறிவிட்டதுபோல் இருந்தாள். அரை டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். பொழுது சாய்ந்ததும் மூச்சு திரும்பவும் இழுக்க ஆரம்பித்தது. உதடு வெளுத்தது. நர்சுகள் ஓடினார்கள், ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அந்த நேரத்தில் அவள் அடி அண்ணாமலையில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இன்றைக்கு யோசிக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

ஒரு செல்லப்பெயர், இரண்டு பொருள்

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஆசிரியப் பயிற்சிக் காலத்துக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அதை இந்த வாரம் தொடர எனக்கு மனசு வரவில்லை. கொதிப்பது அடங்கின பிறகு அதற்குத் திரும்பலாம்.

முதலில் இந்த ஹைப்போ கதையைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருட்டறைக்குள் படம் கழுவுவார்கள் இல்லையா, அங்கே ஒரு கரைசல் இருக்கும். அதற்குப் பெயர் ஹைப்போ. அது சோடியம் தயோசல்பேட். வாய்பாடு Na₂S₂O₃. சோடியம் இரண்டு, கந்தகம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. சாதுவான பொருள். தண்ணீரில் குளோரின் மிஞ்சிவிட்டால் அதை அடக்குவதற்குக்கூட இதைத்தான் போடுவார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் ஹைப்போ என்றால் இதுதான்.

தொற்றுநோய்க் காலத்தில் தெருத்தெருவாகப் பீச்சியடித்தார்களே, அதற்கும் ஹைப்போ என்றே பெயர் வந்துவிட்டது. அது சோடியம் ஹைப்போகுளோரைட். வாய்பாடு NaOCl. முழுப்பெயரைச் சொல்ல வாய் வலித்ததோ என்னவோ, பாதியில் வெட்டி ஹைப்போ என்று ஆக்கிவிட்டார்கள். இதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் கிளம்பும். மனிதர்களைக் கொல்லவென்றே போர்க்களத்தில் திறந்துவிட்ட வாயு அது.

ஆக, ஒரு ஹைப்போ குளோரினை அடக்கும். இன்னொரு ஹைப்போ குளோரினைக் கக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர். இதைவிட அநியாயம் உண்டா?

அதையும் லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால்? அம்சாவிடம் கொடுத்தது பெரிய கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றி ஊற்றியது. ஒரு பாட்டிலில் ஆசிட், இன்னொன்றில் ஹைப்போ. எது எது என்று தெரிய மூடியின் நிறம் மட்டும்தான். குடிக்கிற தண்ணீருக்கும் அதே பாட்டில்.

நான்கு சோடா

சமையலறைக்கு வருவோம். கடையில் போய் "சோடா குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பஜ்ஜி மாவில் போடுவது ஒரு சோடா. துணி துவைக்கப் போடுவது ஒரு சோடா. அடைத்த சாக்கடையில் போடுவது காஸ்டிக் சோடா, அது கையில் பட்டால் தோல் வழன்றுவிடும். வயிறு உப்பினால் குடிப்பது கோலி சோடா. NaHCO₃, Na₂CO₃, NaOH, கடைசியில் வெறும் தண்ணீரில் ஏற்றிய கரியமில வாயு. நான்கும் சோடா.

பேச்சு வழக்கில் இப்படிச் சுருக்கி அழைப்பதை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் மகனைக் கண்ணா என்று கூப்பிடுகிறோம், ஆனால் ஆதாரில் கண்ணா என்றா போடுகிறோம்? விற்கிறவனுக்கு முழுப்பெயர் எழுதக் கடமை உண்டு. கூலி கொடுத்து வேலை வாங்குகிறவனுக்கு அதைச் சொல்லக் கடமை உண்டு.

நான் வகுப்பில் இதற்காகக் கண்டிப்பாக இருப்பேன். சல்பைட் என்று எழுத வேண்டிய இடத்தில் சல்பேட் என்று எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன். நைட்ரைட்டும் நைட்ரேட்டும் எனக்கு ஒன்றில்லை. "ஒரு எழுத்துதானே டீச்சர்" என்று பிள்ளைகள் கெஞ்சும். பெற்றோர் ஒருவர் ஒருமுறை நேராக ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"என் பொண்ணு எல்லாம் கரெக்டா எழுதியிருக்குது. 'ஐ'க்கு பதிலா 'ஏ' போட்டுட்டா. அதுக்கு மார்க்க கட் பண்ணிட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?"

"ஐயா, நைட்ரேட்டுன்னா வயலுக்குப் போடற உரம். நைட்ரைட் கொஞ்சம் கூடினாலே ரத்தத்தைக் கெடுத்துடும். எதைப் போடட்டும்?"

அவர் தலைமை ஆசிரியரிடம் போனார். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அரை மார்க் போட்டு விடுங்க டீச்சர், இதுல என்னா குடி முழுகிடப்போவுது?" என்றார்.

குடி முழுகத்தான் பார்த்தது சார். என் வீட்டுக் குடியே.

மயில் துத்தம்

கோபத்தோடு கோபமாக ஒரு பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவள் நான். அலுமினியத்துக்கு மூன்று கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, குறுக்கே மாற்றிப் போடு, Al₂O₃ என்று எங்களுக்கு வாய்பாடு எழுதச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கோலம் போடுகிறவளுக்குப் புள்ளியும் கோடும் சேர்கிற இடம் எப்படிக் கண்ணில் படுமோ, அப்படி எனக்கு வாய்பாடு பட்டது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் எழுதிவிடுவேன். எந்த வாய்பாட்டைக் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவேன்.

கல்லூரியில் முதல் வாரம். விரிவுரையாளர் ஒருவர் நீலப் படிகம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றார். நான் எழுந்து, "மயில் துத்தம் சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "நாட்டு மருந்துக் கடையில போய் நில்லும்மா" என்றார். காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட் என்று அந்தப் பெயரும் எனக்குத் தெரியும். CuSO₄·5H₂O என்று எழுதவும் தெரியும். சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கேட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்க எனக்கு மயில் துத்தம் என்றே பட்டப்பெயர்.

மயில் துத்தம் என்ற பெயரில் என்ன தப்பு? மயில் கழுத்து நிறம் அதில் இருக்கிறது. துத்தம் என்பதில் அது என்ன வகைப் பொருள் என்பதும் இருக்கிறது. அந்தப் பெயரால் இதுவரை யாரும் ஏமாந்ததில்லை. அதைச் சொன்னால் நாட்டுப்புறம். ஹைப்போ என்று அரைகுறையாக ஒன்றைச் சொன்னால் படித்தவன் பேச்சு. ஆங்கில உச்சரிப்பில் வந்துவிட்டால் எந்தக் குப்பைக்கும் மரியாதை வந்துவிடுகிறது நம் ஊரில். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் முரளி ஒளிந்துகொண்டார்.

"ஆஸ்துமாக்காரி"

அம்சா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாள். குரல் உடைந்துபோயிருந்தது. பழைய குரல் அவளுக்குக் கணீரென்று இருக்கும். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். தெருக்கோடியில் வேன் திரும்பும்போதே "தண்ணி எடுத்து வச்சாச்சா?" என்று அவர் கேட்பதும், அவள் உள்ளேயிருந்தே "வந்து பாரு" என்று கத்துவதும் தெருவுக்கே கேட்கும். இப்போது பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிறது.

டாக்டர் அம்மா கொடுத்த சீட்டில் குளோரின் வாயு என்று தெளிவாக எழுதியிருந்தாள். "ஒரு மாசம் தூசு, புகை வேணாம். அப்புறம் பழையபடி வேலை செய்யலாம்" என்று வாயாலும் சொல்லியிருந்தாள்.

ஒரு மாசம் கழித்து வேலைக்குப் போனவள் அரைமணியில் திரும்பி வந்தாள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்னுட்டாரு அண்ணி."

"ஏன்?"

"ஆஸ்துமா இருக்கறவங்கள வச்சிக்க முடியாதாம். கெஸ்ட்டுங்க பயப்படுவாங்களாம்."

"சீட்டைக் காட்டலியா?"

"காட்டினேன். படிக்கவே இல்ல. சரினு பக்கத்து ரெண்டு மூணு எடத்துல கேட்டேன். எல்லாரும் அதையே சொல்றாங்க. 'முரளி சார் லாட்ஜ்காரங்க குரூப்புல போட்டாரு, உனக்கு ஆஸ்துமாவாமே'ன்றாங்க. எனக்கு எப்ப அண்ணி ஆஸ்துமா வந்துச்சு? நான் தலைல தண்ணிக் கொடம் வச்சிக்கினு மலையச் சுத்தினு வந்தவ."

அவள் அழவில்லை. இருமினாள்.

என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அவன இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்" என்றார்.

"நீ போய் ரெண்டு தட்டு தட்டினா, அப்புறம் நாமதான் குத்தவாளி. உக்காரு. நானும் அம்சாவும் போறோம்" என்றேன்.

அரைத்த மாவைக்கூட எடுத்து மூடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம்.

வரவேற்பறையில்

ஆட்டோவில் போகும்போது நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே ஓட்டினார்.

முரளியின் விடுதி வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது. ஊதுவத்தி மணம். மூங்கில் நாற்காலிகள். ஒரு நாற்காலியில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தங்குகிறவர்போல, அம்சாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு "எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முரளி உள்ளேயிருந்து வந்தார். "வாங்க மேடம். அந்தம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குது?"

"உடம்பு நல்லா இருக்குது. நீங்க அவளுக்கு ஆஸ்துமான்னு எல்லாருக்கும் சொன்னீங்களாமே. எந்த டாக்டர் உங்ககிட்ட சொன்னாரு?"

"அப்படித்தானே மேடம் ஆச்சு? சும்மா ஹைப்போவுக்கே இவ்ளோ தூரம் ஆயிடுச்சுன்னா, உடம்புல ஏதோ இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"ஆசிட்டையும் சேர்த்து ஊத்தச் சொன்னது யாரு?"

"நான்தான். இல்லன்னு சொல்லலையே. பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்தவங்க ரூம நாசம் பண்ணிட்டுப் போயிட்டாங்க, அடுத்த பார்ட்டி வெளிய நிக்குது. சீக்கிரம் ஆவட்டும்னு சொன்னேன். ஹைப்போன்றது மருந்து மேடம். சோடியம் தயோசல்பேட். நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான்."

"அந்தக் கேனை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பார்ப்போம்."

வந்தது. வெள்ளைக் கேன். பளபளவென்று ஒரு குளியலறைப் படம், ஒரு ரோஜாப்பூ, கொட்டை எழுத்தில் ஹைப்போ, கீழே சூப்பர் ஸ்ட்ராங். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன பொருள் என்று ஒரு வரி இல்லை. வாய்பாடு இல்லை. ஆசிட்டோடு சேர்க்காதே என்றும் இல்லை. தயாரித்தவன் பெயர்கூட இல்லை. என்ன ஊர் இது? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை சர்க்கரை என்று எழுதுகிறான். ஆளைக் கொல்லும் கேனில் ரோஜாப்பூ போடுகிறான்.

என்ன பேசினாலும் இந்த மனிதர் செல்போனை நீட்டுவார் என்று தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்தபோதுதான் அவருக்குப் பின்னால் இருந்த மீன் தொட்டியைக் கவனித்தேன். சுவரில் பாதி நீளம். உள்ளே வெள்ளித் தகடுபோல ஒரே ஒரு நீளமான மீன், அவசரமே இல்லாமல் திரும்பித் திரும்பி நீந்திக்கொண்டிருந்தது. வாஸ்துவுக்கு வளர்க்கிற மீன். தொட்டி ஓரத்தில் ஒரு சின்ன டப்பா. உள்ளே கல்கண்டு மாதிரி வெள்ளைப் படிகம்.

"அது என்ன டப்பா?" என்றேன்.

"அதுவா? ஆன்டி குளோரின். தண்ணி மாத்தும்போது போடறது. குழாத் தண்ணியில குளோரின் இருக்குது மேடம். மீனுக்கு ஒத்துக்காது."

"பின்பக்கம் திருப்பிப் படிங்க."

அவர் எடுத்துத் திருப்பினார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். வாயைத் திறந்து படிக்கவில்லை.

"நான் சொல்லட்டுமா? சோடியம் தயோசல்பேட். உங்க நெட்ல வந்த ஹைப்போ அதுதான். குளோரின் மீனைத் தொடக்கூடாதுன்னு நீங்களே உங்க கையால போடறீங்க."

"அப்ப சரிதானே மேடம். ஹைப்போ நல்ல பொருள்தானே. அதத்தானே நானும் சொல்றேன்."

"கேன்ல இருக்கறதும் அதேதானா?"

"ஆமா."

"அப்ப ஒரு மூடி எடுத்துத் தொட்டியில ஊத்துங்க. மீனுக்கு நல்லதுதானே?"

முரளி சிரிக்கப் பார்த்தார்.

அம்சா முன்னால் வந்தாள். கேனை என் கையிலிருந்து வாங்கினாள். மூடியைத் திருகினாள். அந்த வாடை எழுந்ததும் அவள் முகம் சுருங்கியது, இருந்தாலும் பின்வாங்கவில்லை. தொட்டி ஓரத்துக்குப் போய் கேனைச் சரித்தாள்.

"நான் ஊத்தட்டா சார்?"

"ஐயையோ, வேணாம்!" முரளி பாய்ந்து வந்து தொட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தார். "மீன் செத்துடும்!"

கேனை அம்சா நிமிர்த்தினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மூடியை இறுக்கி மேஜையின்மேல் வைத்தாள்.

"மீன் செத்துடும்னு தெரியுதுல்ல சார்" என்றாள்.

இத்தனை வருஷம் கரும்பலகையில் எத்தனையோ சமன்பாடு எழுதியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு விடை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சந்தோஷம் வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மனிதருக்கு இரண்டு கையும் எவ்வளவு வேகமாக நீண்டன! அந்த வேகத்தில் கால்வாசி அன்றைக்குக் குளியலறைக் கதவுக்குள் ஒரு பெண்ணை அனுப்பும்போது வந்திருக்கக் கூடாதா?

வெளிநாட்டு அம்மாளுக்கு என்ன நடந்தது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். முரளியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு இரண்டு விருந்தினர்களும் படியிறங்கி வந்து நின்றுவிட்டார்கள்.

போன்

"சரி மேடம், தப்பு நடந்துடுச்சு. உக்காருங்க, பேசிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு எவ்ளோன்னு சொல்லுங்க, நாளைக்கே அனுப்பிடறேன். அந்தம்மா நாளைலருந்து வேலைக்கு வரட்டும்."

நான் வாய் திறப்பதற்குள் அம்சா தலையை ஆட்டினாள்.

"உங்ககிட்ட வேலைக்கு வரதுக்கு வரல சார். குரூப்புல போட்டீங்கல்ல, அவங்களுக்கெல்லாம் போன் பண்ணுங்க. இங்கியே, எங்க எதிர்ல."

"போன் எதுக்கும்மா? அதே குரூப்புல ஒரு மெசேஜ் போட்டுடறேன்."

"மெசேஜ் யாரும் படிக்க மாட்டாங்க. என் சீட்டை நீங்க படிச்சீங்களா? போன் பண்ணுங்க."

"இல்லன்னா இங்கருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவோம். டாக்டர் எழுதிக் கொடுத்தது கையில இருக்குது. கேனும் இருக்குது" என்றேன் நான்.

முரளி என்னைப் பார்த்தார், விருந்தினர்களைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். போட்டார்.

அந்தப் பக்கம் எடுத்தது, அம்சாவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய விடுதிக்காரர்களில் ஒருவர். "சொல்லு முரளி" என்றார்.

"அது வந்து... நம்ம அம்சாம்மா பத்தி சொல்லியிருந்தேன்ல. அவங்களுக்கு ஆஸ்துமாலாம் இல்ல. நல்லா வேலை செய்வாங்க. அங்க எடம் இருந்தா வச்சிக்கோங்க."

"ஓ, அப்படியா? அப்புறம் அன்னைக்கு ஏதோ ஆஸ்பத்திரி அது இதுன்னியே?"

முரளி எங்களைப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல, சின்ன..."

"என்னான்னு சொல்லுங்க" என்றாள் அம்சா. உடைந்த குரல்தான். ஆனாலும் கேட்டது.

"குளோரின்" என்றார் முரளி. "குளோரின் கேஸ். ஆசிட்டும் ஹைப்போவும்... சோடியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்துடுச்சு."

"கலந்துடுச்சா? அதுவா போய் கலந்துக்குச்சா?" அம்சா இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். "யார் கலக்கச் சொன்னதுன்னும் சொல்லுங்க."

முரளியின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அத்தனை குளிர்ச்சியான அறையில்.

"நான்தான்" என்றார், தரையைப் பார்த்தபடி.

அம்சா இருமலை அடக்கிக்கொண்டு போனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இன்னொருவாட்டி சொல்லுங்க சார். அவருக்கு கேட்டிருக்காது."